இருபது கிலோவுக்குக் கீழே

முப்பத்தோரு கிராம் என்றார் டாக்டர்.
எடுத்ததை மட்டும் சொன்னார்.
எடுக்காமல் விட்டதற்கு எடை சொல்லவில்லை.
நான் வேலந்தாவளத்தில் லாரி எடை போடுகிறவன்.
என் மிஷின் இருபது இருபதாகத்தான் எண்ணும்,
அதற்குக் கீழே எல்லாமே
தூசி, தூறல், மேடையில் ஏறிப்போன நாய்.

முப்பது நாள், காலை ஆறேகால் பஸ்,
கோயம்புத்தூர்.
கதிர் வைக்க முகத்தில் மாட்டிய வலையை
கடைசி நாளில் கையில் கொடுத்தனுப்பினார்கள்.
சாந்தாமணி அதை வெயிலில் தூக்கிப் பார்த்தாள்.
"கீரை அலசலாமுங்க."
நான் சிரிக்க நேரமானது.

வளையல் இரண்டும் கொழிஞ்சாம்பாறை பேங்கில் இருக்கின்றன.
அதனால் நான் இரவு ஷிப்டும் கேட்டு வாங்கினேன்,
அதனால் அவளும் மண்டிக்குப் போகிறேன் என்றாள்.
பணத்துக்காக என்றுதான் இருவரும் சொல்லிக்கொண்டோம்.

தையல் தெரியாமல் துணி கட்டிக்கொண்டு
பில் மேஜையில் போய் உட்கார்ந்தாள்.
சிக்கந்தர் ராவுத்தர் ஒரு பெண்ணைப்
பக்கத்தில் உட்கார வைத்தார்.
மேற்பார்வைக்கு என்று சொல்லவில்லை,
ஃபேன் அங்கேதான் நன்றாக வரும் என்றார்.

பெயர்கள்தான் போய்விடுகின்றன.
எண்கள் இருக்கின்றன, ஏலக்குரல் இருக்கிறது,
மூட்டை கண்ணெதிரே இருக்கிறது.
பாகற்காய் என்ற சொல் மட்டும் இல்லை.
பத்தொன்பது வருஷம் இந்தப் பக்கம் குடியிருந்தும்
மலையாளம் நாக்கில் ஒட்டாதவள்.
இப்போது தமிழ் வராத இடத்தில்
கைப்பக்க என்று அதுவே வந்து நிற்கிறது,
செக்போஸ்ட்டில் யாரும் நிறுத்தாமல்.

வலிப்பு வருவதற்கு முன்
ரப்பர் கருகும் வாசம் வரும் அவளுக்கு.
இந்த ரோட்டில் எந்நேரமும் ரப்பர் கருகுகிறது.
ஆகவே போன் செய்வாள்:
"வாசம் அடிக்குதுங்க. உங்களுக்கும் அடிக்குதுங்களா?"
நான் ஜன்னலுக்கு வெளியே மூக்கை நீட்டுவேன்.
பிரேக் பிடித்த லாரி ஒன்று நிற்கும்.
அடிக்குது என்பேன். வைத்துவிடுவாள்.
ஒரு நாளைக்கு நாலு தடவை, ஐந்து தடவை,
நாங்கள் பேசிக்கொண்டது இதைத்தான்.

ஒரு செவ்வாய்க்கிழமை, சாப்பாட்டு நேரம்.
ரோட்டில் ஒரு சைக்கிள்கூட இல்லை.
கணவாய்க் காற்றில் அழுகிய கோஸ் வாசம்,
வேறொன்றும் இல்லை.
அடிக்குது, எனக்கும் அடிக்குது என்றேன்.
செருப்புப் போடாமல் ஓடினேன்.

அந்தப் பெண் அவள் தலையைப் பக்கவாட்டில்
மடியில் தாங்கியிருந்தாள்.
பேனா மூடி இன்னும் விரலிடுக்கில்.
ஒன்றரை நிமிஷம் என்றார்கள்.
கண் தெளிந்ததும் என் வெறுங்காலைப் பார்த்தாள்.

ராத்திரி மாத்திரைக்குத் தண்ணீர் வாங்கும்போது சொன்னாள்:
"இல்லைன்னா இல்லைன்னு சொல்லுங்க.
கீழ உக்காந்துக்குவேன். பேனாவத் தூர வெச்சுருவேன்.
எனக்கு அந்த ஒரு நிமிசம் வேணும்."
அன்றிலிருந்து அப்படியே சொல்கிறேன்.
இதுவரை இரண்டு முறை.
இல்லை என்று சொல்லிவிட்டு
செருப்பைப் போட்டுக்கொண்டு நடக்கிறேன்.
வேகமாகத்தான்.

நேற்று இரவு ஷிப்டுக்குச் சோறு கொண்டுவந்தாள்.
பதினொன்றரை. லாரி இல்லை.
மேடையில் ஏறி நடுவில் நின்றாள்.
"போடுங்க."
கூப்பிட்டாள் என்று நானும் ஏறினேன்.
மாத்திரையில் ஊதிய அவள் ஐம்பத்திரண்டு,
நான் அறுபத்தைந்து, ஆஸ்பத்திரிக் கணக்கில்.
கண்ணாடிக்குப் பின்னால் சிவப்பில் எரிந்தது
நூற்று இருபது.

மூன்று கிலோ எங்கிருந்து வந்தது என்று கேட்டாள்.
மிஷின் போட்டுக் கொடுத்தது என்றேன்.
சீட்டு வேண்டும் என்றாள்.
வண்டி எண் என்ற இடத்தைக் காலியாக விட்டேன்.
சரக்கு?
பில் எழுதுகிறவள், அங்கே நிற்காமல் விடமாட்டாள்.
உதடு எதையோ தேடியது,
நான் எடுத்துக் கொடுக்கவில்லை.
தூரத்தில் ஒரு டாரஸ் கியர் மாற்றும் சத்தம்.

பதினெட்டாம் தேதி ஸ்கேன்.
சீட்டின் பின்பக்கம் அதை எழுதி வைத்திருக்கிறேன்.
முன்பக்கத்தில் அவள் கையெழுத்து,
கைப்பக்க,
அடித்துவிட்டு அதன் மேலே
பாகக்காய். ஒரு எழுத்து குறைகிறது.
டாரஸ் ஹாரன் அடித்தது, இறங்கினோம்.