நம்பா

நம்பா என்பது ஊரின் பெயர்.
ஐடஹோவில், வெங்காய வயல்களுக்கு நடுவே.
நம்பாதவர் அங்கே எவரும் இல்லை.

கால்வாய்ச் சாலை வளைவில்
வேலி போட்டு மண்ணைக் கீறிய திங்கள் முதல்
ரெனாட்டா கிம்ப்ரோ நிற்கிறாள்.
கையில் ஆளுயரக் கம்பு, முனையில் பலகை:
ஒருபுறம் நில்,
மறுபுறம் மெல்ல.

நில் திரும்பினால் கார்க் கண்ணாடி இறங்கும்.
வெயிலோ புழுதியோ, இறங்கும்.
"இங்க என்ன வரப்போகுது?"

அவளுக்குத் தெரியாது.
மேற்பார்வையாளனுக்கும் தெரியாது.
அவனிடம் இருப்பவை வடிகால் வரைபடம்,
காங்கிரீட் லாரி வரும் நேரம்,
கழிப்பறைப் பெட்டியின் சாவி.

முதல் வாரம் உண்மையைச் சொன்னாள்.
தெரியாது என்றதும்
முகங்கள் கடன் மறுக்கப்பட்டவை போல ஆயின.
இரண்டாம் வாரம் திருப்பிக் கேட்டாள்:
"உங்களுக்கு என்ன வேணும்?"

ஆர்டிஸ் எட்சார்ட்டுக்குத் துணிக்கடை வேண்டும்.
தைத்த துணி இல்லை, கஜம் போட்டு வெட்டித் தருகிற துணி.
இருந்த கடையை மூடி மெத்தை விற்கிறார்கள்.
நாலாவது மெத்தைக் கடை.
"யாரும்மா இந்த ஊர்ல இவ்வளவு தூங்கறாங்க?"

பீட்ரூட் லாரி ஓட்டும் லியோபார்டோவுக்கு
ஐஸ் மேல் கண் திறந்து படுத்திருக்கிற மீன்.
பள்ளிப் பேருந்துக்கு, ஒட்டுமொத்தமாக, டோனட்.

கலிபோர்னியாவிலிருந்து வந்து வீடு வாங்கியவர்
ஒரு மளிகைக் கடையின் பெயரை
மாப்பிள்ளையின் பெயர் போலச் சொன்னார்:
"அது வந்தா வீட்டு விலை ஏறிடும்."
அவருக்கு அடுத்த காரில் வாடகைக்கு இருக்கும் ட்ரெண்ட்.
ஜன்னல் திறந்திருந்தது.
அவன் அன்று ஒன்றும் கேட்கவில்லை.

நிலத்தை விற்ற டெல்மர் ஹாஸும் வந்தார்.
ஏக்கம் ஒன்றும் இல்லை, பல் குத்திக்கொண்டிருந்தார்.
"எது வந்தாலும் வெங்காயத்தவிட லாபம்,"
என்று சொல்லிவிட்டுப் போனார்.

ரெனாட்டாவை யாரும் கேட்கவில்லை.
கேட்டிருந்தால்: பூட்ஸ்.
பெண்களுக்கான பதினோராம் நம்பர் பூட்ஸ்.
இப்போது ஆண்கள் பூட்ஸ்தான், உள்ளே இரண்டு காலுறை.
பகல் பத்து மணிக்கே குதிகால் எரியும்.

ஆகஸ்டில் சுவர் எழுந்தது.
நீளச் சுவர், இரு முனையும் திறப்பு.
"சரக்கு லாரி உள்ள வர்றதுக்கு," என்றார் எட்சார்ட்,
சுருள் சுருளாய்ப் பருத்தியை மனதில் இறக்கியபடி.
குளிர்பதன அறை அது என்றான் லியோபார்டோ.
பேருந்தில் அடுப்பு என்று முடிவாயிற்று.

செப்டம்பர் ஒன்பது, கிரேன் பெயர்ப்பலகையைத் தூக்கியது.
நீல எழுத்து, சோப்பு நுரை, சிரிக்கும் வாத்து.

கார் கழுவுமிடம்.
ஊரில் ஏழாவது.

அன்று முழுக்க ஒரு கண்ணாடியும் இறங்கவில்லை.
அழுக்குக் கார்கள்
இழவு வீட்டைத் தாண்டுவதுபோல மெல்ல நகர்ந்தன,
அவள் அந்தப் பக்கத்தைத் திருப்பாமலேயே.

மறுநாள் காலை ஏழு மணிக்கு லியோபார்டோ.
கண்ணாடி அரைவாசி இறங்கியது.
"எதிர்ல சோளக்காட்டுல
ரோஸ் நாடா கட்டிக் குச்சி நட்டிருக்காங்களே, என்ன அது?"

தெரியாது என்று சொல்லத்தான் வாய் திறந்தாள்.
"செருப்புக் கடைன்னு கேள்விப்பட்டேன்," என்றது வாய்.
சட்டென்று பலகையைத் திருப்பினாள்.
மெல்ல.

வெள்ளிக்கிழமை எட்சார்ட் வந்தார்,
ஜன்னலில் முழங்கை, குரலைத் தாழ்த்தி,
ஊருக்கு முன்பே ஒருவருக்கு மட்டும் சொல்கிற தோரணையில்:

"செருப்புக் கடை வருதாம், எதிர்ல. உறுதியான தகவல்.
மேல் மாடி வேற.
பொம்பளைங்களுக்குப் பெரிய சைஸெல்லாம் உண்டாம்."

"பதினொண்ணு?" என்றாள் ரெனாட்டா.

"பன்னிரண்டு வரைக்கும்."

பின்னால் ஹாரன்.
இன்னொரு ஹாரன்.
நில் என்றே நின்றது பலகை.