அரைப்பேர்

யோகமணியைக் கொண்டுவந்தபோது
அவள் கைக்குள் கொழுந்து இருந்தது.
விரல்களைப் பிரித்தெடுக்கத் தாதிக்குக்
கால்மணி நேரம் பிடித்தது.

பத்து நாளா இப்படித்தான் டொக்டர், என்றாள் தங்கச்சி.
நிரையை விட்டிறங்கி
பணிய ஆத்துப் பக்கம் நடக்குறா.
பெத்த பிள்ளையைப் பார்த்து
யாரு வீட்டுப் பிள்ளைங்கிறா.
ரோதைமுனிக்குச் சேவல் வெட்டியாகிவிட்டது.
மனநோய் மாத்திரையும் கொடுத்தாகிவிட்டது.
இரண்டும் ஒரே கிழமையில்.

வலக்கை அடிக்கடி துள்ளியது,
கட்டில் விளிம்பில் இல்லாத அரும்பைக் கிள்ளி.

காய்ச்சல் இல்லை. சோடியம் சரி.
முதுகுத்தண்டு நீர் பீலித் தண்ணீராய்த் தெளிந்து வந்தது;
புரதம் மட்டும் கொஞ்சம் கூட. கிருமி இல்லை.
கண்டியில் எடுத்த படத்தில் ஒன்றுமில்லை.
மூளையின் அலைகள் மட்டும்
நிறை கூடையோடு ஏற்றம் ஏறுகிறவர்களாய்
மெதுவாக, மிக மெதுவாக.

பிறகு ஓர் எண் வந்தது.
தைரொயிட் எதிர்ப்பொருள், ஆயிரத்துச் சொச்சம்.
பிடித்துவிட்டோம் என்றார் பயிற்சி வைத்தியர்.
நான் தங்கேஸ்வரியின் இரத்தத்தையும் எடுத்தேன்.
தங்கச்சிக்கு அதில் இரட்டிப்பு.
அவள் நாளுக்கு இருபத்திரண்டு கிலோ எடுக்கிறாள்,
சங்கக் கூட்டத்தில் தலைவரையே வாயடைக்கிறாள்.

சம்பவத்துக்குப் பக்கத்தில் நின்றவனை
மரத்தில் கட்டிவைக்கும் வழக்கம்
எங்கள் தோட்டத்தில் இருந்தது.
என் மாமாவைக் கட்டினார்கள்.
காணாமற்போன சாக்கு
மூன்றாம் நாள் இஸ்டோருக்குள்ளேயே கிடைத்தது.

மற்ற எதிர்ப்பொருள்களைத் தேட
குழாய்கள் கொழும்புக்குப் போயின.
முடிவுக்கு மூன்று கிழமை என்றார்கள்.
அவளிடம் மூன்று கிழமை இருந்ததாகத் தெரியவில்லை.
ஸ்டீரோய்ட் ஏற்றினோம்.

நான்காம் நாள் காலை
டிக்கோயா ஆஸ்பத்திரியின் பாணைத் தேநீரில் தோய்த்தபடி
கேட்டாள்:
இன்னைக்கு எனக்குப் பேர் விழுந்துச்சா?

பயிற்சி வைத்தியருக்கு விளங்கவில்லை.
அவர் மாத்தறைக்காரர்.
பேர் என்றால் நாட்சம்பளம் என்று சொன்னேன்,
கிலோ குறைந்தால் அரைப்பேர்.
தன் பேர் மறந்தவள் முதலில் கேட்டது அதைத்தான்
என்பதை ஏனோ சொல்லவில்லை.

கொழும்பிலிருந்து வந்த தாள்களில்
எல்லாம் இல்லை, இல்லை, இல்லை.
தன்னெதிர்ப்பு மூளையழற்சி என்று எழுதி
பக்கத்தில் 'இருக்கலாம்' என்று சேர்த்தேன்.
தராசைப் பார்த்த கணக்கப்பிள்ளையாக
அந்த நோய்க்கும் அரைப்பேர்தான் போட முடிந்தது.

துண்டு வெட்டும் அன்று தங்கேஸ்வரி
தன் தொண்டையைத் தடவிக்கொண்டே கேட்டாள்:
அப்ப எனக்கு, டொக்டர்?

பெரும்பாலும் ஒன்றும் வராது,
ஆறு மாதத்துக்கு ஒருதரம் வந்து காட்டு என்றேன்.

பஸ் காசை யாரு குடுப்பா, என்றாள்.