அரைப் பிக்சல்

இந்தப் பக்கம் வல்கா, அந்தப் பக்கம் வல்க்கா.
தமிழில் எழுதிப் பார்த்தால்
எஸ்டோனியாவுக்கும் லாட்வியாவுக்கும் நடுவே
ஒரே ஒரு க்.

லீலோ அதைத் திரையில் வரைகிறாள்.
இரண்டு நகராட்சியும் சேர்ந்து விடப்போகும் பேருந்துக்கு
நிறுத்தங்களின் படம்.
வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போயாக வேண்டும்.
எல்லைக்கோடு: தடிமன் ஒரு பிக்சல், நிறம் கறுப்பு.
பெட்டியில் அப்படித்தான் போட்டிருக்கிறது.
சதுக்கத்தின் நடுவே செங்குத்தாக இறங்கும் இடத்திலோ
இரண்டு பிக்சல் அகலம், சாம்பல்,
ஈரத்தாளில் பென்சில் இழுத்த மாதிரி.

நிறத்தைச் சோதித்தாள். கறுப்பு, நூறு சதம்.
அடியில் இன்னொரு கோடு ஒளிந்திருக்குமோ என்று
லேயர் ஒவ்வொன்றின் கண்ணையும் மூடித் திறந்தாள்.
ஆறு போனது, வந்தது.
தேவாலயம் போனது, வந்தது.
எண்ணூறு சதம் பெரிதாக்கினால் கத்திவெட்டு;
நூறுக்கு இறங்கினால் பழையபடி மூடுபனி.

இன்னொரு தொல்லை.
தச்சுப்பட்டறையைச் சுற்றி எல்லை சடாரெனத் திரும்பும் மூலையில்
கோடு முள்ளாய் நீண்டு
பல் மருத்துவமனையைக் குத்திக்கொண்டு நின்றது.
அது சுலபம். கூர்முனை வரம்பைப் பத்திலிருந்து நான்காக்கினாள்.
முள் உதிர்ந்தது, மருத்துவர் பிழைத்தார்.

சாம்பலுக்குத்தான் மருந்தில்லை.
இரவு ஒன்பதரைக்கு குன்டார்ஸைக் கூப்பிட்டாள்,
வல்க்கா நகராட்சியில் இதே வேலை பார்ப்பவன்.
இருவருக்கும் அரைகுறையாய்த் தெரிந்த
மூன்றாவது மொழியில் பேச்சு.

கோடு எங்கே நிற்கிறது? எண்ணைப் படி.
இருநூற்றுப் பன்னிரண்டு.
புள்ளிக்குப் பிறகு?
ஒன்றுமில்லை. முழு எண்.
அதுதான் வியாதி, என்றான்.
முழு எண் என்பது கட்டத்துக்கும் கட்டத்துக்கும் நடுவிலுள்ள சுவர்.
நீ கோட்டைச் சுவர்மேல் உட்காரவைத்திருக்கிறாய்.
இங்கே ஒரு கால், அங்கே ஒரு கால்.
இரண்டு வீட்டிலும் பாதிக் கறுப்பு.
அரைப் பிக்சல் தள்ளு, சரியாகிவிடும்.

எந்தப் பக்கம்?

ஃபோனில் யாரோ பாத்திரம் கழுவும் சத்தம்.
இந்த அளவில் அரைப் பிக்சல் என்றால்
தரையில் மூன்று மீட்டர்.
அவன் பக்கம் தள்ளினால்
பேக்கரியின் வாசற்படி எஸ்டோனியா.
அவள் பக்கம் தள்ளினால்
சைக்கிள் பூட்டும் கம்பி லாட்வியா.
இருவரும் சிரித்தார்கள், ஆனால்
சிரிப்பு முடிந்த பிறகும் யாரும் எதுவும் சொல்லவில்லை.

படி உனக்கே இருக்கட்டும், என்றாள் கடைசியில்.
அந்த ரொட்டி சுமார்தான்.
212.5 என்று அடித்தாள்.
கோடு இருட்டிக்கொண்டு வந்து
ஒற்றையாய் நின்றது.

பெரிய படத்தை நிறுத்தப் பலகை அளவுக்குச் சுருக்கினாள்.
சுருக்கும்போது தடிமனும் சுருங்கட்டும் என்று
மூலையில் ஒரு குட்டிப் பெட்டி, அதில் டிக்.
யார் போட்டது? அவளேதான், மார்ச்சில், வேறெதற்கோ.
தெருக்களுக்கும் ஆற்றுக்கும் கோடில்லை, நிறம் மட்டும்;
அவை பத்திரமாகச் சுருங்கின.
எல்லை மட்டும் சிலந்தி நூலுக்கும் கீழே போனது.
திரை அதைப் பெருந்தன்மையாகக் காட்டியது.
அச்சு இயந்திரத்துக்கு அந்தப் பெருந்தன்மை கிடையாது.

நாற்பது பலகைகள். ஒன்றிலும் எல்லை இல்லை.

மூன்று வாரத்தில் வந்த புகார் ஒன்றே ஒன்று.
ஓட்டுநர் ஐவோ எழுதியிருந்தார்:
ஏழாம் நிறுத்தத்துக்கு ஆறு நிமிடம் என்பது தவறு,
தள்ளுவண்டியோடு தாய்மார் ஏறினால் எட்டு.

ஆறை எட்டாக்கினாள். டிக்கை எடுத்தாள்.
கோட்டைக் கால் பாயிண்ட்டுக்கு ஏற்றினாள்.
அடுத்த பட்ஜெட்டில் பார்க்கலாம் என்றது நகராட்சி.

வெளியே வந்தபோது தூறல்.
சைக்கிள் அந்தக் கம்பியில்தான் பூட்டியிருந்தது.
லாட்வியாவில் நின்று
பையின் எந்த அறையில் சாவி என்று
நெடுநேரம் துழாவினாள்.