சிலுவைப்பிச்சையும் பிறரும்

முதல் கட்டுரையை அனுப்பிய இரவு
குடும்பப் பெயர் என்றொரு கட்டம்,
நிரப்பாமல் நகர மாட்டேன் என்றது.
எனக்கு ஏது குடும்பப் பெயர்?
இனிஷியலை விரித்து எழுதினேன்: சிலுவைப்பிச்சை.
அன்றிலிருந்து நான்
காற்புள்ளிக்குப் பின்னால் நிற்கும் ஒரு டெ.

நாகர்கோவிலில் ஒரு கல்லூரியின் மொட்டைமாடி அறை.
மின்சாரம் போனால் ஃப்ரீசருக்குப் போர்வை சுற்றுவோம்.
பதினான்கு வருடம், இருபத்தாறு கட்டுரை,
எச்-குறியீடு ஒன்பது.
மூன்று வருடம் தூங்காமல் எழுதிய ஒன்றை
நான்கு பேர் மேற்கோள் காட்டினார்கள்,
அதில் ஒருத்தி நான்.
உப்புக்கருவாட்டிலிருந்து டி.என்.ஏ. பிரிக்க
மலிவாய் ஒரு வழி, இரண்டே பக்கம்,
மகனுக்குக் காய்ச்சலடித்த வாரத்தில் தட்டியது,
அதற்கு முந்நூற்றுப் பன்னிரண்டு.

அப்பாவின் பெயர் தாய்வானில் அச்சாகிறது.
பெருவில் ஒரு 'ச்' குறைகிறது.
யாரோ சில்வா பிச்சை என்று இரண்டாக வெட்டியிருக்கிறார்கள்.
'சிலுவைப்பிச்சையும் பிறரும் காட்டியபடி'
என்று படிக்கும்போதெல்லாம்
எனக்குத் தெரிவது சின்னத்துறைப் படகுதான்.
ஸ்ராங்கு அப்பா.
பிறர்: கிளீட்டஸ், வர்க்கீஸ், பொங்குவதற்கு வரும் ஏசுராஜன்,
பெயர் மறந்த இன்னும் ஏழு பேர்.

மாதிரிகள் அவர்கள் கொண்டுவந்தவைதானே.
சுறாத் துடுப்பில் நக அளவு வெட்டி,
நான் கொடுத்தனுப்பிய குப்பியில், எத்தனாலில்,
மூடியில் பென்சில் கோடு போட்டு.
நன்றியுரையில் எழுதியிருந்தேன்:
உள்ளூர் மீனவர்கள்.

ஒருமுறை கொச்சியில் மீனை இறக்கிவிட்டு
பஸ் ஏறி நேரே ஆய்வகத்துக்கு வந்தார்.
ஐஸ்பெட்டியில் முழுசாய் இரண்டு எண்ணெய்ச் சுறா.
'ரெண்டும் வேற வேறயாக்கும், மக்களே.
ஒண்ணுக்க தோலு கைய அறுக்கும்,
மத்தது வழுக்கும்.'
கையுறை மாட்டி வாங்கிக்கொண்டேன்.
அறுநூற்றைம்பது எழுத்து, ஓரெழுத்து பிசகவில்லை.
ஒரே இனம் என்று எழுதினேன்.
'நீ பாத்தா செரி' என்றார்,
கடைசி பஸ்ஸுக்கு நேரமாகியிருந்தது.

நேற்று ஒரு கட்டுரை வந்தது.
நான் தாயின் வழியே மட்டும் போய்ப் பார்த்தேன்,
அவர்கள் உட்கருவில் ஆயிரம் இடம் தேடியிருக்கிறார்கள்.
'சிலுவைப்பிச்சையும் பிறரும் கூறியதற்கு மாறாக
இவை இரண்டு தனி இனங்கள்.'
செதில்களின் படமும் இருக்கிறது.
ஒன்று முள்முள்ளாய். மற்றது ஓடு பாவியதுபோல்.

என் கணக்கில் மேற்கோள் ஒன்று கூடியது.
மெச்சினாலும் மறுத்தாலும் எண்ணுக்கு ஒன்றுதான்.

பதவி உயர்வுக் குழுவில் கேட்கிறார்கள்,
டெல்மா என்ற பெயரில் ஒன்றையும் காணோமே என்று.
இரண்டு பெயரையும் ஒன்றாய்ச் சேர்க்க
திரையில் ஒரு பொத்தான் இருக்கிறது.
காலையிலிருந்து அதன்மேல் அம்புக்குறியை நிறுத்தி
தேநீர் இரண்டு முறை ஆறிவிட்டது.

படகு லட்சத்தீவுக்கும் மேற்கே. போன் எட்டாது.
கரை சேர்ந்ததும் சொல்ல வேண்டும்:
அப்பா, உங்க பேருல நான் சொன்னது தப்பாம்,
நீங்க சொன்னதை உங்களுக்கே எதிரா நிரூபிச்சிருக்கா
போர்ச்சுகல்ல ஒருத்தி.

கோபம் வராது அவருக்கு.
தூண்டில் முள்ளைக் கோத்தபடி ஒன்று மட்டும் கேட்பார்:
'அவ தொட்டுப் பாத்தாளா?'