மூன்று எழுத்துக்கூட்டல்

வியாழக்கிழமை மருத்துவமனைக்கு வராதவர்களின் பெயர்களை
வெள்ளிக் காலை என்னிடம் தருகிறார்கள்.
ஒரு தாள். சில வாரம் இரண்டு.
ரோஷ் புவா பேருந்தில் ஏறியதும்
அதை நான்காக மடித்துவிடுவேன்,
பக்கத்து இருக்கைக்கும் கண் உண்டு.

இன்று பதினொரு பெயர்.
அதில் மூன்று, அண்ணன் தம்பிபோல ஒரே சாடை:
மர்தேமுத்தூ. மருடமுட்டூ. மார்டைமூட்டு.
மூவருக்கும் வயது நாற்பத்திரண்டு.
மூவருக்கும் எதிரே ஒரே முத்திரை:
தொடர்பு அற்றவர்.

கப்பலில் வந்து இறங்கியவனின் பெயரைக்
காதில் விழுந்தபடி எழுதிய குமாஸ்தா
இன்னும் ஓய்வு பெறவில்லை போலிருக்கிறது.

முதல் முகவரியில் தகரக் கதவு.
"அப்படி யாரும் இல்லை" என்றாள் ஒருத்தி.
அவள் முதுகுக்குப் பின்னால் கொடியில்
ஓர் ஆண் சட்டை காய்ந்துகொண்டிருந்தது.
குழாயடியில் தனியாகக் கவிழ்த்த எனாமல் தட்டு,
விளிம்பில் சிவப்பு நகப்பூச்சு, அடையாளத்துக்கு.
என் வீட்டில் அது நீல நூலாக இருந்தது.

இரண்டாவது முகவரி இப்போது கார் நிறுத்துமிடம்.

மூன்றாவதற்கு எண் இல்லை,
"காவல் நிலையம் அருகே" என்று மட்டும்.
அங்கேதான் காலை ஆறு முதல் எட்டுவரை
மெதடோன் வண்டி நிற்கும்.
அந்த வரிசையில் நான்கு வருடம் நின்றவள் நான்.
காகிதக் குவளையின் கசப்பு
இப்போதும் சில கனவுகளில் நாக்குக்கு வரும்.

சனிக்கிழமை, ஏழு ஐம்பது.
துறைமுகக் காவலாளிச் சீருடையோடு வந்தான்.
குடித்தான். குவளையைக் கசக்கினான்.
என் கையில் தாளைக் கண்டதும் வேறு பக்கம் நடந்தான்.

"மருதமுத்து" என்றேன்,
ஓர் எழுத்தும் பிசகாமல்.
நின்றான்.

"வந்தேனே, மதாம். மூன்று தடவை வந்தேன்.
மூன்று தடவையும் புதுசாக எழுதினார்கள்.
எப்போது தொற்றியது, யாரிடமிருந்து,
எத்தனை பேர் ஒரே ஊசியில்,
மனைவிக்குத் தெரியுமா.
ரத்தம் எடுத்தார்கள். முடிவு யாருக்குப் போனதோ!
எனக்கு மூன்று முதல் நாள்.
நாலாவது முதல் நாளுக்கு வாய் வரவில்லை."

மாத்திரை?

"காவடிக்குக் கொடி ஏறிய அன்று நிறுத்தினேன்.
விரதம். பத்து நாள்தானே என்று.
அப்புறம் டப்பா காலி என்று தெரிந்தது."

பயிற்சியில் தந்த ஆறு வாசகமும் பையில் இருந்தன.
ஒன்றும் பொருந்தவில்லை.
என் மாத்திரை டப்பாவை எடுத்துக் குலுக்கினேன்.
அந்தச் சத்தம் அவனுக்குத் தெரிந்திருந்தது.
"எத்தனை வருடம்?"
ஒன்பது. விரதத்திலும்.
பாலோடு விழுங்கினால் முருகன் எண்ணிப்பார்ப்பதில்லை.

சிரித்தானா என்று சொல்லமுடியாது.
அடையாள அட்டையை நீட்டினான்.
ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்து எழுதினேன்.

திங்களன்று தாதியோடு சண்டை.
வியாழன் பகல் அவன் தூங்கும் நேரம், என்றேன்.
மாத்திரையை வண்டிக்கே கொண்டுபோகலாம், என்றேன்.
அப்படி விதி இல்லை என்றாள்.
விதி எந்த எழுத்துக்கூட்டலில் இருக்கிறது என்று கேட்டேன்.
கொஞ்ச நேரம் என்னையே பார்த்தாள்.
பிறகு அலமாரிச் சாவியைத் தேடினாள்.

அது ஆறு மாதத்துக்கு முன்.
இப்போது மாதம் ஒரு சனிக்கிழமை
குவளையும் டப்பாவும் ஒரே ஜன்னலில்.
ஒரு மாதம் வரவில்லை. போனேன்.
அடுத்த மாதம் வந்தான்.

மற்ற இருவரைக் கணினியிலிருந்து நீக்க முடியாதாம்.
அவர்கள் இன்னும் தொலைந்தேதான் இருக்கிறார்கள்,
அதே நாற்பத்திரண்டு வயதில்.
வெள்ளிதோறும் தாளில் வருகிறார்கள்.
நானும் சளைக்காமல்
இருவருக்கும் எதிரே எழுதித் தருகிறேன்:
பார்த்தேன். எடை கூடியிருக்கிறது.
ஏழு ஐம்பதுக்கு வருவார்.