ஒரு சொட்டு

பங்குனி. காக்ஸ் டவுன் முழுக்க
டேங்கர் லாரிக்குக் காத்திருக்கிறது.
மூன்றாம் மாடியில் எமில்டாவின் பியானோவை
மூன்று பேராய் மல்லாத்திப் படுக்கவைத்தோம்.
முறுக்காணிகள் இருநூற்றுச் சொச்சம்;
காய்ந்து சுருங்கிய பலகையில்
ஆடுகிற பால்பற்கள்.

மின்விசிறியை நிறுத்தச் சொன்னேன்.
ஊசிமூக்குக் குப்பியில் பசை
தண்ணீரைவிட மெலிசு.
அமுக்கக் கூடாது, சாய்த்தாலே வரும்.
ஆணியின் காலடியில்
எறும்பு குடிக்கிற அளவு.
அது வட்டமாய் ஓடி
இரும்புக்கும் மரத்துக்கும் நடுவே
காணாமல் போகும்வரை
மூச்சு விடமாட்டேன்.
பிறகு இன்னொன்று.
குடிக்காத ஆணிக்குப் புகட்டக் கூடாது.
வழிந்தால் பொன்பூச்சில் தேமல் படரும்,
கம்பிச் சுருளில் ஏறினால் தொலைந்தது.

நூற்று நாற்பதாவதில்
எமில்டாவின் கைபேசி அலறியது.
என் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும்
சின்முத்திரையில் ஒட்டிக்கொண்டன.

நகப்பூச்சு அழிக்கிற திரவம் அவளிடம் இல்லை.
கீழ்வீட்டு பார்கவியிடம் இருக்கலாம்,
சாயங்கால வாசிப்பு தாங்காமல்
சங்கத்துக்கு மூன்று புகார் எழுதியவர்.

குப்பியோடு அவரே படியேறி வந்தார்.
பஞ்சை நனைத்து
என் விரல்களைப் பிரித்துக்கொண்டே
கிடந்ததை எட்டிப் பார்த்தார்.
"இதுக்கப்புறம் சத்தம் ஜாஸ்தியாகுமா?"

"ஆகாது. வெச்ச இடத்துல நிக்கும்."

பஞ்சு கொஞ்ச நேரம் அசையவில்லை.
"அந்த மேல் பஞ்சமம்,
எப்பவும் ஒரு மயிரிழை இறங்கியே நிக்குமே,
அதுக்குப் பசை போட்டாச்சா?"

எமில்டா என்னைப் பார்த்தாள்.
அந்த ஆணிக்கு இன்னும் முறை வரவில்லை.

பார்கவி ஒரு நாற்காலி கேட்டார்.