தோள் ஆழம்

எரிமலை எங்களுக்கு எல்லாம் கொடுத்தது,
துறைமுகம் மட்டும் கொடுக்கவில்லை என்பாள் லதாய்.
நியுவாஃபோவுவில் இறங்குவதென்றால்
உறைந்த கருங்குழம்பின் விளிம்பில் படகு ஏறித் தாழும்;
ஏறும் நொடியில் தாவவேண்டும்.
முதலில் மாவு மூட்டை, அப்புறம் பன்றி, அப்புறம் அரசாங்கம்.
அரசாங்கம் என்பது நான்:
நுக்குவாலோஃபாவிலிருந்து ஒரு வெப்பமானி,
நான்கு பத்திகள் போட்ட படிவம்.

தீவு ஒரு வளையம்.
என்றோ மலையின் உச்சி தன் வயிற்றுக்குள்ளேயே விழ,
விழுந்த பள்ளத்தில் மழை நின்று ஏரியானது.
கரைக்காட்டில் சில இடங்களில் மண் வெதுவெதுக்கும்,
ஈரச் சட்டையை விரித்தால் காய்ந்துவிடும்.
மலாவு அங்கேதான் வரும்.

சேவலில் பாதிகூட இல்லாத பழுப்புப் பறவை.
முட்டையோ வாத்து முட்டையை எட்டும்.
கூடு இல்லை. அடை இல்லை.
கால்களால் மண்ணைப் பின்னுக்கு எற்றி எற்றி
ஒரு கை நீளம் குடைந்து,
இட்டு, மூடி,
திரும்பிப் பாராமல் போகும்.
மிச்சத்தை மலை பார்த்துக்கொள்ளும்.

அங்காஹாவை எரித்ததும் இதே சூடுதான்.
லதாய் பிறக்குமுன், ஊர் கப்பலேறிப் போய்
எவுவாவின் மண்ணில் கிழங்கு நட்டது.
பன்னிரண்டு வருடம் கழித்துத் திரும்பியவர்கள்
முதலில் தேடியது வீட்டையா, முட்டையையா?
அப்பா வீடு என்பார்.
அம்மா, பொய் என்பாள்.

இன்று சனிக்கிழமை. நாளை தேவாலயம் முடிந்து விருந்து.
லதாய் குப்புறப் படுத்து, கன்னம் மண்ணில் அழுந்த
தோள்வரை கையை விடுகிறாள்.
"முப்பத்து மூன்று" என்கிறேன் கருவியைப் பார்த்து.
"ரொட்டி மாவு உப்புகிற சூடு" என்கிறாள்.
அதற்குப் பத்தி இல்லை.

பிறகு அவள் பேசவில்லை.
தொலைபேசியில் யாரோ தூரத்திலிருந்து பேசுவதைக்
கேட்கிறவள் மாதிரி ஒரு முகம்.
"உதைக்கிறது."

கையை உருவினால் மண் சரியும்.
ஆகவே கிடந்தாள்.
கிளிக்கூட்டமொன்று தென்னம்பூவைக் கலைத்துவிட்டுப் போனது.
நீர்விளிம்பில் தாழைக்கோழி
எதையோ இழந்தது போலக் கத்தியது.
எறும்பு ஒன்று அவள் புருவத்தில் ஏறியது;
ஊதிவிடட்டுமா என்று கேட்டேன்,
தலையை ஆட்டக்கூட இல்லை.

வெளிச்சம் சாயும்போது
அவள் முழங்கையை ஏணியாக்கி வந்தது:
அழுக்கு, முழுச் சிறகு, கோபமான கண்.
உடம்பிலிருந்து தீவை உதறியது.
தாய் யாரென்று தெரியாது, கடன் எவ்வளவென்றும் தெரியாது.
தட்டுத்தடுமாறி, முதல் நாளிலேயே,
பறந்து காட்டுக்குள் போனது.

எடுத்தவை. விட்டவை. உடைந்தவை. காலிக்குழி.
பேனாவை மூடினேன்.

லதாய் எழுந்து மரத்த கையை அடித்துக்கொண்டாள்.
குழிக்கு முதுகு காட்டி நின்று
காலால் மண்ணைப் பின்னுக்கு எற்றி எற்றி மூடினாள்.

"நாளைக்கு டின் மீன்தான்" என்றாள்.